புத்தூர்ச் சீட்டு

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை. சித்தூர்.

காலை 10.20. கலெக்டர் அலுவலகத்துக்கு முன்னுள்ள சாலையில் கார்வேட்டிநகரம் பக்கத்துக் கிராமத்தார் கூடினர். நிலமற்றவர்களுக்கு அரசு முன்பு கொடுத்த பட்டா நிலங்களைத் தொழிற்பேட்டைக்காகத் திரும்ப எடுப்பதை எதிர்த்து, ஒரு கட்சி கூட்டிய கூட்டம். (கேட்டறிந்தது.)

11.10. பேச வரவிருந்த கட்சித் தலைவரின் வாகனம் ஊர் எல்லையில் நிறுத்தப்பட்டது. (கேட்டறிந்தது.)

11.35. கலைந்து போகும்படி ஒலிபெருக்கியில் அறிவிப்பு. ஒரு முறை. (கேட்டறிந்தது.)

11.40. தடியடி. (கேட்டறிந்தது.)

11.45-க்கும் 11.50-க்கும் இடையில். சாலையின் நடுவிலுள்ள தடுப்புச் சுவரின்மீது நின்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்த என் தம்பி அடிக்கப்பட்டான். வயது ஐம்பத்தெட்டு. ஒரு தமிழ் நாளிதழின் பகுதிநேரச் செய்தியாளர். கைபேசி பறிக்கப்பட்டது. (அவன் சொல்லக் கேட்டது.)

12.30. ஆட்டோவில் என் வீட்டுக்கு வந்தான். (நேரில் கண்டது. இனி வருபவை அனைத்தும் நேரில் கண்டவை.)

1.10. என் காரில் புத்தூருக்குப் புறப்பட்டோம்.

2.50. புத்தூர். 4.15. இடது முன்கைக்குக் கட்டுப் போட்டு முடிந்தது.

புதன், மாலை 6.00. வாந்தி. இரண்டு முறை.

வியாழன், காலை 7.00. எழுப்பியும் எழவில்லை. 10.40. திருப்பதியில் ஒரு பெரிய மருத்துவமனை. 11.50. ஸ்கேன். மண்டையோட்டுக்குள் இரத்தக்கசிவு.

வெள்ளி, காலை 9.05. இறந்தான்.

முப்பத்தோராண்டுகள் அரசுத் தரப்பு வழக்கறிஞராக இருந்தவன் நான். நேரம், இடம், செயல், அதை அறிந்த வழி என்ற வரிசையில் எழுதித்தான் எனக்குப் பழக்கம். மேலே உள்ளதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அதைப் படித்துப் பார்க்கும் எவராலும் என் தம்பி எதனால் இறந்தான் என்று தெரிந்துகொள்ள முடியாது. அப்படிப்பட்ட பதிவுகளை எழுதுவதில் நான் பெயர் பெற்றவன்.

அன்று நண்பகலில் வாசல் இரும்புக் கதவை யாரோ காலால் உதைத்துத் திறக்கும் ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தேன். தம்பி நின்றிருந்தான். வலக்கையால் இடக்கையை ஏந்திப் பிடித்திருந்தான். இடது முன்கை, நடுவில் இருக்கக் கூடாத ஒரு மேட்டோடு வீங்கியிருந்தது. தலையில், வெயிலுக்காக எப்போதும் கட்டும் பருத்தித் துண்டு. சட்டைப் பையில் பேனா அப்படியே இருந்தது.

"இன்னாடா இது?"

"உங்க ஆளுங்கதான் அண்ணே. நல்லா கவனிச்சி அனுப்பினாங்க."

போலீஸை அவன் எப்போதும் 'உங்க ஆளுங்க' என்றுதான் சொல்வான். நான் ஓய்வு பெற்று ஒன்பதாண்டுகள் ஆன பிறகும் அந்தச் சொல் ஓய்வு பெறவில்லை. தண்ணீர் கொடுத்தேன். ஒரு கையால் வாங்கிக் குடித்தான், குடிக்கும்போதே சிரித்தான்.

"கார்டு இருக்குதான்னு ஒரு ஆபீசரு கேட்டாரு. பேப்பர் ஆபீஸ்ல குடுத்த கடுதாசியக் காட்டினேன். லேமினேஷன் பண்ணது. வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'இன்னாய்யா தமிழ்ல இருக்குது, இந்தப் பேப்பர எந்த ஊர்ல படிக்கிறான்'னாரு. 'இந்த ஊர்லதான் சார் படிக்கிறாங்க'ன்னேன். சொல்லிகினு இருக்கும்போதே கட்டை வந்துடுச்சி."

மாவட்ட அரசு மருத்துவமனை என் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம். கார்ச் சாவியை எடுத்தபோது அங்கேதான் போகப்போகிறோம் என்று நினைத்தேன். தம்பி மறுத்தான்.

"அங்க வாசல்லயே ஒரு போலீஸ்காரர் நோட்டு வெச்சிகினு குந்திகினு இருப்பாரு அண்ணே. அடிபட்டு வர்றவன் பேரு, ஊரு, எங்க அடிபட்டான், எல்லாம் எழுதிக்குவாரு. சாயங்காலம் அந்த நோட்டுதான் எஃப்.ஐ.ஆரு. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். கூட்டங்களில் அடிபடுகிறவர்கள் அரசு மருத்துவமனைக்குப் போவதில்லை என்பதும், அதனாலேயே அவர்களுக்குக் காயச் சான்றிதழ் கிடைப்பதில்லை என்பதும், சான்றிதழ் இல்லாததால் நீதிமன்றத்தில் அவர்களுக்குக் காயமே இல்லை என்பதும் எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த மாவட்டத்தில் வேறு எவருக்கும் தெரியாது. அந்த வாதத்தை நான் எத்தனையோ முறை எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன். 'காயம் உண்மையானால் சான்றிதழ் எங்கே?'

"புத்தூர் போலாம்" என்றான். நானும் ஒப்புக்கொண்டேன்.

இதை வெளியூர்க்காரருக்கு விளக்குவது கடினம். எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் மனிதர்கள் யோசிப்பதில்லை. வண்டி புத்தூருக்குத் திரும்பிவிடும். என் அப்பாவின் கால், என் தோள்பட்டை, தம்பி மனைவியின் மணிக்கட்டு, எல்லாம் அங்குள்ள எலும்பு வைத்தியர்களிடம் கட்டித்தான் கூடின. நான் இரண்டு முதுநிலைப் பட்டங்கள் பெற்றவன். என் எலும்பு மட்டும் பட்டம் பெறவில்லை. அரசு மருத்துவமனை வேண்டாம் என்று அவன் சொன்னபோது எனக்குள் ஓர் ஆறுதல் வந்ததை மறைக்க விரும்பவில்லை. ஓய்வு பெற்ற அரசு வழக்கறிஞர், போலீஸ் அடித்த தம்பியை அழைத்துக்கொண்டு போலீஸ்காரர் வைத்திருக்கும் நோட்டுக்கு முன்னால் போய் நிற்க வேண்டியதில்லை.

கார்வேட்டிநகரம் வழியாகப் போனோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவன் பல்லைக் கடித்தான். இடையில் பேசிக்கொண்டே வந்தான்.

"எல்லாம் படத்துல இருக்குது அண்ணே. யாரு அடிச்சாங்க, யாரு ஓடினாங்க, ஒரு பொம்பள கீழ வுழுந்தது, எல்லாம். ஃபோனு மட்டுந்தான் அவங்ககிட்ட இருக்குது."

புத்தூரில் அன்று கூட்டம் அதிகமில்லை. வாசலில் மேசை போட்டு ஒரு பெண் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். பெயர், ஊர், எப்படி அடிபட்டது. இந்த மூன்றும்தான் கேள்வி. பதிவேட்டில் எழுதி, அதையே ஒரு சிறு சீட்டில் தெலுங்கில் எழுதிக் கொடுப்பார்.

எங்களுக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். காக்கிக் கால்சட்டை, மேலே கோடு போட்ட சாதாரணச் சட்டை. வலக்கையைக் கைக்குட்டையால் சுற்றியிருந்தார்.

"எட்ல தகிலிந்தி?" என்று அந்தப் பெண் கேட்டார். எப்படிப் பட்டது என்று பொருள்.

"படிக்கட்டுல வழுக்கிட்டேன்" என்றார் அவர், தெலுங்கில். திரும்பியவர் என் தம்பியைப் பார்த்தார். தம்பியும் அவரைப் பார்த்தான். இருவரும் ஒரே நேரத்தில் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அடுத்த கேள்வி தம்பிக்கு. எட்ல தகிலிந்தி?

"வண்டியிலருந்து வுழுந்துட்டேன்மா" என்றான்.

அந்தப் பெண் எழுதினார். எழுதும் ஓசையை நான் கேட்டேன். நான் அவன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

பெஞ்சில் உட்கார்ந்த பிறகு தாழ்ந்த குரலில் கேட்டேன்: "ஏண்டா பொய் சொன்ன?"

"அவரு அங்கதான் அண்ணே இருந்தாரு, தடுப்புக்குக் கீழ. பக்கத்துல நின்னுகினு இருக்கற ஆளை வெச்சிகினு 'போலீஸ் அடிச்சிட்டாங்க'ன்னு எழுதச் சொல்லவா? பாவம், அவரும்தான் பொய் சொன்னாரு."

அந்தக் காவலர் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தார். சற்று நேரம் கழித்து எழுந்து வந்து, கைக்குட்டை சுற்றிய கையை நெற்றி வரைக்கும் உயர்த்தினார்.

"ஏ.பி.பி. சாரு தானே நீங்க?"

உதவி அரசு வழக்கறிஞராக இருந்தவன்தான் என்றேன்.

"ஒரு கேஸ்ல சாட்சிக்கி வந்தேன் சார், ரொம்ப வருஷம் ஆச்சி. வராண்டாவுல நிக்கவெச்சி நீங்கதான் சொன்னீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, கேக்காதத வாயிலயே வெச்சிக்கோன்னு. இன்னிக்கி வரைக்கும் அதான் சார் புடிச்சிகினு இருக்கேன்."

தம்பி சிரித்துவிட்டான். "எத்தினி பேரக் கெடுத்து வெச்சிருக்கீங்க அண்ணே!"

காவலரும் சிரித்தார். அவருடைய இரண்டு விரல்கள் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தன. பின்னாலிருந்து வீசிய இன்னொருவரின் லாத்தி பட்டதாகச் சொன்னார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார்.

"பேப்பர்காரரு தானே? தடுப்பு மேல நின்னுகினு இருந்தீங்க."

"ஆமா. நீங்க கீழ நின்னுகினு இருந்தீங்க."

"ஃபோனு எங்க சாருகிட்ட இருக்குது. நான் தொடல."

"தொட்டா மட்டும் இன்னா? பாஸ்வேர்டு என் பொண்டாட்டிக்கே தெரியாது."

அப்புறம் அந்தக் காவலர் குரலைத் தாழ்த்தினார். "தலைக்கி இன்னா பண்ணீங்க?"

"தலைக்கி இன்னா?"

"ரெண்டாவது அடி தலையில பட்டுச்சே. பின்பக்கம். நான் பாத்தேன். கை கெடக்குது, அது கூடிக்கும். தலைய ஒருதரம் ஆஸ்பத்திரியில காட்டிடுங்க."

தம்பி துண்டைத் தொட்டுப் பார்த்தான். "இது இருந்திச்சி நைனா. பஞ்சு மாதிரி வாங்கிகிச்சி."

அவர் என்னைப் பார்த்தார். கேட்காத ஒன்றைச் சாட்சிக் கூண்டில் நின்று சொல்லிவிட்டவனை நான் பார்க்கும் ஒரு பார்வை உண்டு. அந்தப் பார்வையைத்தான் அவர்மேல் வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. "சரி, பாத்துக்கறோம்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டுத் தம் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். அவர் பெயரை நான் கேட்கவில்லை. தலையில் அடித்தது யார் என்றும் கேட்கவில்லை. அந்தத் துண்டை அவிழ்த்துக் காட்டு என்று தம்பியிடமும் சொல்லவில்லை.

உள்ளே கட்டுப் போடுபவர் கட்டைவிரலால் எலும்பைத் தடவி, முறிந்த இடத்தைக் கண்டு, ஒரே இழுப்பில் சேர்த்தார். பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் தடவி, மூங்கில் பத்தைகளை வைத்துத் துணியால் கட்டினார். கட்டி முடித்ததும் வழக்கப்படி கேட்டார்: "வேற எங்கயாவது பட்டிருக்கா? வயிறு, நெஞ்சு, தலை? தலைன்னா எங்க வேலை இல்ல, நேரா திருப்பதிக்குப் போயிடணும்."

"எங்கயும் இல்ல" என்றான் தம்பி.

இந்தக் கேள்வியும் என் முன்னால்தான் கேட்கப்பட்டது.

அடுத்த கட்டுக்கு இரண்டு வாரம் கழித்து, செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். சீட்டின் பின்பக்கம் அதை எழுதினார்கள். காவலருக்கும் அதே செவ்வாய்தான். வெளியே வந்து காரில் ஏறும்போது அவர் தூரத்திலிருந்தே இடக்கையைத் தூக்கிக் காட்டினார். தம்பி வலக்கையைத் தூக்கிக் காட்டினான். இரண்டு பேருக்கும் ஒவ்வொரு கைதான் மிச்சம் என்று வழியெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தான்.

புதன்கிழமைப் பத்திரிகையில் போலீஸின் செய்திக்குறிப்பு வந்தது. தெலுங்கில் இருந்தது. கூட்டத்தைக் கலைக்க 'ஸ்வல்ப பலப்பிரயோகம்' செய்யப்பட்டதாம். அதாவது, சிறிதளவு பலம். காயமடைந்ததாக எவரும் முன்வரவில்லையாம்.

அந்த வாக்கியத்தைப் படித்தபோது எனக்கு ஏற்பட்டதை அதிர்ச்சி என்று சொல்வது போதாது. அது என்னுடைய வாக்கியம். பல ஆண்டுகளுக்கு முன் இளம் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் ஒரு கூட்டத்தைப் பற்றிய அறிக்கையோடு என் அறைக்கு வந்தார். 'லாத்தியால் அடித்துக் கலைத்தோம்; சிலருக்கு அடிபட்டது' என்று வெள்ளையாக எழுதியிருந்தார். நான் சிவப்பு மையால் அதை அடித்தேன். மேலே 'ஸ்வல்ப பலப்பிரயோகம்' என்று எழுதினேன். 'சிலருக்கு அடிபட்டது' என்பதையும் அடித்துவிட்டு, 'காயமடைந்ததாக எவரும் முன்வரவில்லை' என்று எழுதினேன். 'இதில் பொய் இருக்கிறதா?' என்று அவரைக் கேட்டேன். 'லேது சார்' என்றார், வியந்துபோய். இல்லை சார். அவர் அதை மற்றவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அல்லது வேறு வழக்கறிஞர்களும் அதையே கண்டுபிடித்திருக்கலாம். எப்படியோ அந்த வாக்கியம் என்னைவிட நீண்ட நாள் பணியில் இருக்கிறது.

அன்று மாலை தம்பி வீட்டுக்குப் போனேன். பத்திரிகையை அவனே படித்து வைத்திருந்தான்.

"எஃப்.ஐ.ஆர்.ல பத்துப் பேரு பேரு இருக்குதாம் அண்ணே. கடைசியில 'மற்றும் பலர்'. நான் அந்த 'மற்றும் பலர்'ல இருக்கறேன். பேப்பர்லயும் என் பேரு வராது, 'நமது நிருபர்'தான். இங்கயும் வரல."

சொல்லிவிட்டு எழுந்து பின்கட்டுக்கு ஓடினான். வாந்தி எடுத்தான். திரும்பி வந்து உட்கார்ந்து, மறுபடியும் ஓடினான்.

தம்பி மனைவி அங்கன்வாடியில் பணியாற்றுகிறவர். குழந்தை வாந்தி எடுத்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவர். "தலவலிக்குதான்னு கேளுங்க மாமா, என்கிட்ட சொல்ல மாட்டேங்கறாரு" என்றார்.

"கட்டு நாத்தம்" என்றான் அவன். "முட்டை காஞ்சி போயி கொமட்டுது. மூக்குகிட்டயே கெடக்குது பாரு."

கட்டு உண்மையிலேயே நாறியது. என் தோளில் கட்டியிருந்தபோது எனக்கும் குமட்டியது நினைவிருந்தது. "மொத ரெண்டு நாள் அப்படித்தான்மா இருக்கும்" என்று தம்பி மனைவியிடம் சொன்னேன். அவர் அதை ஏற்றுக்கொண்டார். என் படிப்பின்மேல் அந்த வீட்டில் எப்போதும் மரியாதை உண்டு.

வியாழன் காலை ஆம்புலன்ஸில் அவனை ஏற்றிக்கொண்டு பாகாலா வழியாகத் திருப்பதி போனோம். துண்டு தலையில் இல்லை. அப்போதுதான் பார்த்தேன். தலையின் பின்புறம் வலது பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு வீக்கம். தோல் கிழியவில்லை. இரத்தம் இல்லை. தலைமுடிக்குக் கீழே, தொட்டால் மட்டுமே தெரிகிற ஒன்று.

மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் நடந்துகொண்டே கேட்டார். "எப்படி அடிபட்டது?"

நான் சட்டைப் பையிலிருந்து புத்தூர்ச் சீட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

ஏன் என்று அன்றிலிருந்து என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேள்வி வந்தால் ஆவணத்தை எடுத்து நீட்டுவது முப்பத்தோராண்டுப் பழக்கம் என்பது ஒரு விடை. முந்தைய சிகிச்சையைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன் என்பது இன்னொரு விடை. இரண்டும் என் மூளை பிறகு தயாரித்தவை. உண்மையில் அந்த நொடியில் நான் எதையும் நினைக்கவில்லை. கை போயிற்று, சீட்டு வந்தது. அவர் படித்தார். 'வண்டியிலிருந்து விழுந்ததாக உடன் வந்தவர் கொடுத்த சீட்டில் உள்ளது' என்று எழுதினார். சரியாகத்தான் எழுதினார். கட்டைக் கத்தரியால் வெட்டினார்கள். பத்தைகள் ஒவ்வொன்றாக மஞ்சள் நிறக் கூடையில் விழுந்தன.

மறுநாள் காலை அவன் இறந்த பிறகு, மருத்துவமனை வாசலில் நோட்டோடு உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் அந்த வரியைப் பார்த்து எழுதிக்கொண்டார். சாலை விபத்து. எந்த நோட்டுக்குப் பயந்து அறுபது கிலோமீட்டர் தள்ளிப் போனோமோ, அந்த நோட்டில், நான் எடுத்துக் கொடுத்த சொற்களில், அவன் பெயர் ஏறியது.

பிரேதப் பரிசோதனையில், மழுங்கிய பொருளால் ஏற்பட்ட காயம்; விழுந்தாலும் நேரக்கூடியது என்று சொன்னார்கள். அதுவும் சரியே.

எடுத்துப் புதைத்த மறுநாள் தம்பி மனைவி என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"மாமா, வண்டி அடிபட்டதுக்கு முந்தின சனிக்கெழமையிலருந்து மெக்கானிக் கடையில கெடக்குது. இன்னும் அங்கதான் இருக்குது. இல்லாத வண்டியிலருந்து எப்படி வுழுவாரு? எனக்கு வேற எதுவும் வேணாம். அவரு வண்டியில வுழுந்து சாகல. போலீஸ் பேப்பர்ல இருக்கறத மட்டும் மாத்திக் குடுங்க. உங்களுக்குத்தான் அது தெரியும்."

மனு எழுதிக் கொடுத்தேன். கட்சிக்காரர்களும் குரல் கொடுத்ததால் வருவாய்த்துறை அதிகாரி ஒருவரின் விசாரணை விரைவிலேயே வந்தது. அவன் இறந்த பதினோராம் நாள், திங்கட்கிழமை. இன்று.

அதிகாரி மரியாதை தெரிந்தவர். நான் நுழைந்ததும் எழுந்தார். "கூச்சோண்டி சார்" என்று நாற்காலியைக் காட்டினார். தட்டச்சருக்கு மெதுவாகச் சொல்லி, ஒவ்வொரு கேள்வியையும் தெளிவாகக் கேட்டார். தடியடியை நீங்கள் நேரில் பார்த்தீர்களா? இல்லை. உங்கள் தம்பியைப் புத்தூருக்கு அழைத்துப் போனது நீங்களா? ஆம். இது அங்கே கொடுத்த சீட்டா? ஆம். வண்டியிலிருந்து விழுந்ததாக உங்கள் முன்னிலையில் அவரே சொன்னாரா? ஆம், ஆனால் அது பொய் என்று எனக்குத் தெரியும், அவர் தாக்கப்பட்டதாக அதற்கு முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். எந்த இடத்தில் தாக்கப்பட்டதாகச் சொன்னார்? கையில். தலையில் என்று அவர் சொன்னாரா?

அவர் சொல்லவில்லை. "இல்லை" என்றேன். கேட்ட கேள்விக்கு அதுதான் சரியான விடை.

தட்டச்சு ஓசை நின்றது. அதிகாரி பேனாவை மூடினார். வழக்கமான கடைசிக் கேள்வியைக் கேட்டார்: "வேற ஏதாவது சொல்லணுமா சார்?"

அந்தக் காவலரின் கத்திரிக்காய் நிற விரல்கள் என் கண்முன் வந்தன. நான் வாயைத் திறந்தால், புத்தூர்ப் பதிவேட்டில் என் தம்பியின் பெயருக்கு நேர் மேலே இருக்கும் பெயரைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு மணி நேரம் போதும். 'நான் பார்த்தேன்' என்று சொன்னவரை முதலில் கேட்பது, நீயே அடித்தாயா என்றுதான். அன்று அங்கே இருந்த அத்தனை பேரிலும் என் தம்பியின் தலையைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே மனிதரை நானே கூண்டில் ஏற்ற வேண்டும்.

"இல்லை" என்றேன்.

படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டேன்.

வராண்டாவில் தம்பி மனைவி நின்றிருந்தார். எத்தனையோ சாட்சிகளை நிற்கவைத்துப் பேசிய அதே போன்றதொரு வராண்டா.

"சொன்னீங்களா மாமா?"

"கேட்டதுக்கெல்லாம் சொன்னேன்மா."

"புத்தூர்ல ஒரு போலீஸ்காரரு தலையைக் காட்டச் சொன்னாராமே. அன்னிக்கி ராத்திரி இவரு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. அத சொன்னீங்களா?"

அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

"அந்த ஆளு பாவம்னு பாத்தீங்களா?"

தலையசைத்தேன் என்று நினைக்கிறேன்.

"இவரும் பாவம்னுதான் வண்டியிலருந்து வுழுந்தேன்னாரு" என்றார். அவர் குரல் உயரவில்லை. "அந்தப் போலீஸ்காரரு கேக்காமயே சொன்னாரு மாமா. நீங்க கேட்டும் சொல்லல."

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்துக்கு நடந்தார். காரில் வரும்படி நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டார்.

வீட்டுக்கு வந்து மேசைமேல் தாளை வைத்து உட்கார்ந்தேன். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்ன செவ்வாய், நாளை. அந்தக் காவலர் நாளை புத்தூருக்கு வருவார். விரல் கூடியிருக்கும், கட்டை மாற்றியாக வேண்டும்.

செய்யாமல் விட்டவை:

மெக்கானிக்கிடம், வண்டி எந்த நாளிலிருந்து கடையில் இருக்கிறது என்று எழுதி வாங்குதல்.

கைபேசியைத் திரும்பக் கேட்டு மனு. படங்களை அழிக்கக் கூடாது என்று அதில் தனியாக ஒரு வரி.

துண்டு. தம்பி மனைவி துவைக்காமல் வைத்திருக்கிறார். உறையிட்டு ஒப்படைக்க வேண்டும்.

நாளை, மூன்று மணிக்கு முன் புத்தூர். அவரிடம் பெயரைக் கேட்டல். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதை முதலில் அவரிடம் சொல்லுதல்.

அவர் என்ன சொன்னாலும், விசாரணை அதிகாரிக்குக் கூடுதல் வாக்குமூலம். முதல் வரி: 'என் தம்பியின் தலையில் அடிபட்டது என்று செவ்வாய்க்கிழமை பிற்பகலிலேயே எனக்குச் சொல்லப்பட்டது, நான் அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போகவில்லை.'

தம்பி மனைவியிடம் போய் அந்த வரியைப் படித்துக் காட்டுதல்.